மெல்லிய துணியில் தையற் சுருக்கம்: காரணங்களும் பரிகாரங்களும்

கூட்டுறவு முறையில் நடைபெறும் கிராமக் கைத்தொழில்களில் தையல் முக்கியமானதொன்று. தமிழ்நாட்டில் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவு சங்கங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்து வருவது யாவரும் அறிந்ததே. இத்தகைய சங்கங்களில் அங்கத்தினரின் கூலி உருப்படிக் கணக்கில் அமைவது வழக்கம். ஆகையால் தைத்த சட்டை குறையுடையதென்று திரும்பி வருமாயின், அங்கத்தினருக்குக் கூலியும் சங்கத்திற்குப் பெயரும் ஒருங்கே நஷ்டமாகின்றன.

அவ்வாறு திரும்பி வருவதற்குரிய குறைகளுள் தையற் சுருக்கம் ஒன்று. தையல் ஓடிய இடம் நெடுகிலும் துணி சிற்றலை போல் மடிந்து நிற்பதே இக்குறை. கனத்த துணியாயின் தையலைப் பிரித்து மறுபடியும் தைக்கலாம். மெல்லிய பாப்ளின், வாயில், ஜார்ஜெட் முதலியவற்றில் பிரித்த இடத்து ஊசித் துளைகள் எளிதில் மறைவதில்லை, துணியே வீணாகும். எனவே இக்குறையை வருமுன் காப்பதே லாபகரமானது.

சுருக்கம் கண்டவுடன் தைத்தவரின் கையைக் குறை கூறுவது எளிது. கையினால் வருவதும் உண்டு. ஆயினும் நூல், ஊசி, துணியைத் தள்ளும் பல், நெசவின் நெருக்கம் ஆகியவற்றாலும் இக்குறை நேரும். எதனால் வந்தது என்று சோதித்துப் பாராமல் கூலியில் பிடித்தம் செய்வது நியாயமன்று. பிடித்தம் செய்வதனால் சுருக்கம் நீங்குவதும் இல்லை. உண்மைக் காரணத்தைக் கண்டறிய அரை மீட்டர் துண்டுத் துணியும், ஒரு கத்தரிக்கோலும் போதும்.

சோதிக்கும் முறை

தைக்க வேண்டிய அதே துணியில் பாவு நூல் ஓடும் திசையில் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகளைச் சரி அளவாக வெட்டிக்கொள்ள வேண்டும். பாவுத் திசையிலேயே சுருக்கம் அதிகமாகத் தோன்றுமாதலால் அத்திசையே சோதனைக்கு உகந்தது. பின்வரும் நான்கு சோதனைகளை வரிசை மாறாமல் செய்தல் வேண்டும்.

முதலாவது, ஊசியில் நூல் கோக்காமலும், பாபினை எடுத்துவிட்டும், இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யந்திரத்தை ஓட்ட வேண்டும். நூலின்றி ஓட்டியும் துணி சுருங்குமாயின் குறை நூலில் இல்லை. பல், பாதம், ஊசி, பிளேட் ஆகியவற்றில் ஒன்றில் உள்ளது.

இரண்டாவது, வேறு இரு துண்டுகளை எடுத்து, நூல் கோத்து, துணியைக் கையால் இழுக்காமல் தைக்க வேண்டும். முடிவில் மேல்துண்டு கீழ்த்துண்டைவிட நீண்டு நிற்குமாயின், இரு துண்டுகளும் சமமாக நகரவில்லை என்பது தெளிவு. கீழ்த்துண்டைப் பல் முன்னே தள்ள, மேல்துண்டைப் பாதம் பின்னே தடுப்பதால் இவ்வாறு நேர்கிறது.

மூன்றாவது, சுருங்கிய இடத்தில் இரண்டு அங்குல நீளத்திற்கு மேல்நூலை மட்டும் தையலுக்குத் தையல் வெட்ட வேண்டும். துணி படிந்துவிட்டால் மேல்நூலின் இறுக்கமே காரணம். படியாவிட்டால் கீழ்நூலையும் அவ்வாறே வெட்டிப் பார்க்க வேண்டும். இரு நூல்களையும் வெட்டியபின்னும் சுருக்கம் நின்று, வெட்டிய நூல் துணுக்குகளை உருவி எடுத்தபின் நீங்குமாயின், நெருங்கிய நெசவுக்குள் நூல் புகுந்து இழைகளை ஒதுக்கிவிட்டது என்று அறியலாம்.

நான்காவது, தைத்தபோது சமமாக இருந்த துண்டை ஓர் இரவு வைத்திருந்து, பின் நனைத்து உலர்த்திப் பார்க்க வேண்டும். மறுநாள் சுருங்கியிருந்தால் இழுபட்ட நூல் தன் பழைய நீளத்திற்கு மீண்டது எனலாம். சலவைக்குப் பின்னரே சுருங்குமாயின் துணியும் நூலும் வெவ்வேறு அளவில் சுருங்கும் தன்மையுடையன என்பது பெறப்படும்.

நூலின் இறுக்கத்திற்குப் பரிகாரம்

பவர் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. இரண்டும் இறுக்கமாக இருந்தால் தையல் பார்வைக்குச் செவ்வையாகவே தோன்றும். துணி மட்டும் சுருங்கும். ஆகையால் தையலின் அழகைக் கொண்டு டென்ஷன் சரியென்று முடிவு செய்தல் கூடாது.

சரிசெய்வதைக் கீழ்நூலிலிருந்து தொடங்க வேண்டும். பாபின் கேஸை நூலின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை மெல்ல அசைத்தால் அது சிறிது இறங்கி நிற்க வேண்டும். உதறியும் இறங்காவிட்டால் திருகைச் சிறிது தளர்த்த வேண்டும். தானே தரைவரை விழுமாயின் சிறிது முடுக்க வேண்டும். அதன் பின்னரே மேல்நூலைத் தளர்த்தி, முடிச்சு துணியின் நடுவில் அமையுமாறு செய்ய வேண்டும். கீழ்நூலைத் தொடாமல் மேல்நூலை மட்டும் தளர்த்தினால் முடிச்சு அடிப்பக்கம் வந்துவிடும்.

பாபினில் நூல் சுற்றும்போதே இழுபடுவதும் உண்டு. பாலியெஸ்டர் நூல் நீளும் தன்மையுடையது. இறுக்கிச் சுற்றினால் நீண்ட நிலையிலேயே துணியில் தைக்கப்பட்டு, பின்பு மெல்லச் சுருங்கித் துணியையும் உடன் இழுக்கும். ஆகையால் தளர்வாகவும் சீராகவும் சுற்றி, விளிம்பு வரை நிரப்பாமல் நிறுத்த வேண்டும்.

துணி சமமாக நகராமைக்குப் பரிகாரம்

பாதத்தின் அழுத்தத்தை, துணி வழுக்காமல் நிற்கும் அளவிற்குக் குறைத்தல் வேண்டும். கனத்த துணிக்கு வைத்த அழுத்தத்திலேயே மெல்லிய துணியைத் தைப்பது பெருந்தவறு. பல்லின் உயரமும் குறைவாக இருத்தல் நலம்; பிளேட்டுக்கு மேல் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே அது நிற்க வேண்டும். மெல்லிய துணிக்கு நெருங்கிய சிறு பற்கள் உள்ளதே ஏற்றது. பல்லின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தலும் சுருக்கத்தைக் குறைக்கும். ஆயின் இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

தைப்பவர் துணியை முன்னும் பின்னும் சமமாக, இலேசாக ஏந்திப் பிடித்தால் போதும். பின்புறமாக இழுத்துத் தைத்தால் ஊசி வளையும். தையலின் அளவும் மாறும். பவர் மெஷின்கள் நிமிஷத்திற்கு 4000 முதல் 5000 தையல் வரை ஓடவல்லவை. காலால் மிதிக்கும் யந்திரத்தில் பழகியவருக்கு இவ்வேகத்தில் துணியைச் சீராக விடுவது கடினம். மோட்டாரில் சிறிய புல்லியை மாட்டினால் வேகம் தணியும். வேகம் தணிந்தால் உருப்படிகள் குறையுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. திரும்பி வரும் உருப்படிக்கு வேகத்தினால் யாதொரு பயனும் இல்லை.

நெசவின் நெருக்கத்திற்குப் பரிகாரம்

இழை நெருங்கிய துணியில் தடித்த ஊசிக்கும் தடித்த நூலுக்கும் இடமில்லை. 14 ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 11 அல்லது 9 ஆம் நம்பர் ஊசியைப் போட வேண்டும். நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும் என்பதை நினைவிற் கொண்டு 120 ஆம் நம்பர் நூலையோ அதனினும் மெல்லியதையோ வாங்க வேண்டும். அங்குலத்திற்கு 14 தையல் இருந்தால், கொடுக்கப்பட்ட மாதிரி இடம் கொடுக்குமாயின், 10 அல்லது 11 ஆகக் குறைக்கலாம். தையல் குறையக் குறையத் துணிக்குள் புகும் நூலும் குறையும்.

ஊசியை மாற்றும்போது பிளேட்டையும் கவனிக்க வேண்டும். துளை பெரிதாயின் ஊசி இறங்கும்போது மெல்லிய துணியும் உடன் உள்ளிழுக்கப்படும். மெல்லிய ஊசிக்குச் சிறு துளையுள்ள பிளேட்டே பொருத்தம். ஊசியின் முனையை நகத்தின் மேல் இலேசாக ஓட்டிப் பார்த்து, கீறினால் உடனே மாற்றிவிட வேண்டும். ஓர் ஊசியின் விலை ஒரு சட்டையின் விலைக்கு ஈடாகாது. வீட்டு யந்திரத்து ஊசியின் அடி ஒரு பக்கம் தட்டையாகவும், பவர் மெஷின் ஊசியின் அடி உருண்டையாகவும் இருக்கும்; ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. மிக மெல்லிய துணியாயின் அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்து, பின் கிழித்து எடுத்துவிடலாம்.

சலவையினால் வரும் சுருக்கத்திற்குப் பரிகாரம்

பருத்தி நூல் நனைந்தால் சுருங்கும். பாலியெஸ்டர் கலந்த துணியைப் பருத்தி நூலால் தைத்தால் முதற் சலவையிலேயே குறை தெரியும். ஆகவே துணிக்கு ஏற்ற நூலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலருக்குள் வைக்கும் துணியையும் முன்னதாக நனைத்துப் பார்த்தல் நலம். துணியே சுருங்கும் தன்மையுடையதாயின், வெட்டுவதற்கு முன்பே துணி கொடுத்தவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். பிறகு சொல்வது சாக்காகவே கருதப்படும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

புதிய துணிக்கட்டு வந்தவுடன், வெட்டுவதற்கு முன், ஒரு யந்திரத்தில் மேற்கூறிய சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குணம் எதனால் கிடைத்தது என்பது விளங்காது. சரியாக அமைந்த ஊசி நம்பர், நூல் நம்பர், அங்குலத்திற்குத் தையல் ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி, தைத்த துண்டையும் அதே பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த முறை அதே துணி வரும்போது அப்புத்தகமே வழிகாட்டும்.

உருப்படி திரும்பி வந்தால் அதிலிருந்தே சிறிது வெட்டிச் சோதித்து, காரணத்தை அங்கத்தினர் முன்னிலையில் பதிவு செய்த பின்னரே கூலியைப் பற்றித் தீர்மானிக்க வேண்டும். குறை யந்திரத்திலாயின் செலவு சங்கத்தைச் சேரும். துணியிலாயின் கொடுத்தவருக்கு எழுத வேண்டும். கைப்பழக்கத்திலாயின் அந்த அங்கத்தினருக்குத் தேர்ந்த ஒருவர் அருகிலிருந்து சில நாள் கற்பிக்க வேண்டும். இவ்வாறு நடக்கும் சங்கத்தில் அங்கத்தினர்கள் குறையை ஒளிக்காமல் முதல் உருப்படியிலேயே எடுத்துச் சொல்வார்கள். முதல் உருப்படியில் தெரிந்த குறை ஒரு சட்டையோடு போகும். கட்டு முடிந்தபின் தெரிந்த குறையோ நூறு சட்டைகளைக் கெடுக்கும்.