பணகுடிப் பக்கம் பற்றவைத்த எஞ்சின் வாஷிங்டனை வரவழைத்தது தெரியுமா?

கையெழுத்துப் போட்ட நாடே உலக வரைபடத்தில் இல்லாமல் போய்விட்டது. போட்ட ஒப்பந்தம் மட்டும் பிழைத்துக்கொண்டது! எங்கே? நம்ம கூடங்குளத்தில்தான். அங்கே அணுமின் நிலையம் கட்ட 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கையெழுத்திட்டார்கள். மூன்று வருஷத்தில் சோவியத் யூனியன் உடைந்தது. 1992இல் அணுப்பொருள் விற்கும் நாடுகள் கூடி, தன் அணு நிலையங்கள் அத்தனையையும் சர்வதேசச் சோதனைக்குத் திறக்காத நாட்டுக்கு விற்பதில்லை என்று கதவைச் சாத்தின. இந்தியாவுக்கும் சேர்த்துத்தான். ரஷ்யா விடவில்லை. இது அதற்கு முன்பே நிச்சயம் பண்ணிய சம்பந்தம் என்ற தோரணையில் வாதாடியது. 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டு வெடித்தோம். உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த மாதமே கூடங்குளத்துக்குப் புது ஒப்பந்தம்! 2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் வந்தது. பக்கத்து இடிந்தகரைக் கடற்கரையில் கேட்டால் இதே கதை வேறு மாதிரி வரும்: எங்களைக் கேட்காமல் இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்தது என்பார்கள். மறுக்க முடியுமா?

உலக நாடுகள் நம் பக்கம் வந்த கதை இன்னும் உண்டு. கிருஷ்ணாபுரம் என்றால் சிற்பங்கள்தானே ஞாபகம் வரும்? அங்கே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது தெரியுமா? நம் தலைக்குமேல் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அது ஓடுவது காந்த நிலநடுக்கோட்டின் வழியே; அந்தக் கோடு திருநெல்வேலிக்கு அவ்வளவு பக்கத்தில்! மலைக்கு அந்தப்புறம் தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட் விட்டதும் இந்தக் கோட்டுக்காகத்தான். ராக்கெட் அமெரிக்காவுடையது, அதன் தலையில் இருந்த கருவி பிரான்சுடையது, கூடவே சோவியத் ஹெலிகாப்டர். பனிப்போர் உச்சத்தில் இந்த மூன்று பேரும் ஒரு மீனவக் கிராமத்தில் கூடிய அதிசயத்தை என்னென்பது!

சரி, பெரிய அதிசயத்துக்கு வருவோம். நாகர்கோவில் சாலையில் பணகுடி தாண்டும்போது மேற்கே தெரிகிற மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறது. அங்கே எரியும் 'விகாஸ்' எஞ்சின் பிரான்சு வழி வந்தது. 1974 ஒப்பந்தப்படி அதற்கு இந்தியா பணம் எண்ணிக் கொடுக்கவில்லை. தன் பொறியாளர்களை அனுப்பி உழைப்பாகவே கொடுத்தது!

கிரையோஜெனிக் எஞ்சின் அப்படிச் சுலபமாகக் கிடைக்கவில்லை. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183இல் திரவ ஆக்ஸிஜன், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 40,000 சுற்றுச் சுழலும் பம்பு. எரிந்து முடிந்து வெளியே வருவது பெரும்பாலும் நீராவிதான்! 1991இல், உடைவதற்கு முன், சோவியத் யூனியன் எஞ்சினையும் செய்முறையையும் தருவதாக ஒப்புக்கொண்டது. ஏவுகணைத் தொழில்நுட்பம் என்று சொல்லி 1992 மே மாதம் அமெரிக்கா தடை போட்டது, இஸ்ரோவுக்கும் அதைத் தரவிருந்த ரஷ்ய நிறுவனத்துக்கும் சேர்த்து. (அந்தக் குளிர்ந்த எரிபொருளை நிரப்பி ஏவுகணையைத் தயாராக வைத்திருக்க யாராலும் ஆகாது என்பது வாஷிங்டனுக்குத் தெரியாதா என்ன?) 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. ஏழு எஞ்சின் தருகிறேன், வித்தை தரமாட்டேன் என்றது.

அப்புறம் இருபது வருஷம் மகேந்திரகிரிதான் பள்ளிக்கூடம். 2010 ஏப்ரலில் சொந்த எஞ்சினோடு போன முதல் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 2014 ஜனவரி 5, ஜெயம்! 2017 மே 5 அன்று அதே வகை எஞ்சின் தெற்காசியச் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் என்று அக்கம்பக்கத்து நாடுகளுக்கு இந்தியா கொடுத்த இலவசச் சீர் அது. பாகிஸ்தான் வேண்டாம் என்றது.

2022இல் இன்னொரு கூத்து. உக்ரைன் போர் மூண்டதும், பிரிட்டனின் ஒன்வெப் நிறுவனச் செயற்கைக்கோள்களை ஏவ ரஷ்யா நிபந்தனை மேல் நிபந்தனை போட்டது, பேரம் முறிந்தது. பிரிட்டிஷ்காரர்கள் யாரிடம் வந்தார்கள்? தீபாவளிக்கு முந்தின நாள் நள்ளிரவு 12.07க்கு 36 செயற்கைக்கோள்கள் நம் ராக்கெட்டில் கிளம்பின. உச்சியில் இருந்தது மகேந்திரகிரியில் சோதித்த பெரிய கிரையோ எஞ்சின்.

இனிதான் உச்சம்! 2025 ஜூலை 30. பூமியை ரேடாரால் படமெடுக்கும் நிசார். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. எடை 2,392 கிலோ. அதை ஏற்றியது எது? இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி ராக்கெட். பிரான்சு வழி வந்த ஐந்து விகாஸ் எஞ்சின், மேலே அமெரிக்கா எதைத் தடுத்ததோ அதே வகைக் கிரையோ எஞ்சின், அதன் தலையில் அமெரிக்காவின் ரேடார்! நிசார் 12 நாளுக்கு இரண்டு முறை பூமியின் நிலப்பரப்பை அளக்கிறது. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை நம் பிசான நெல் வயல்களும் அதில் அடக்கம். நாசா வெளியிடும் அந்தத் தரவைப் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவரும் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.