பழியோரிடம், பழுதோரிடம்: வரைவியல் பணிநிலையங்கள் உறைந்துபோதல் குறித்து

முப்பரிமாண உருவமைப்பு, அசைவூட்டம், மருத்துவப் படிமங்களின் பகுப்பாய்வு முதலியவற்றுக்குப் பயன்படும் வரைவியல் பணிநிலையங்கள் வேலையின் நடுவே உறைந்துபோவது பலரும் அனுபவித்த தொல்லையாகும். அவ்வேளையில் முதலிற் குற்றஞ்சாட்டப்படுவது வரைவியல் அட்டையே. திரையிற் காணும் குறை திரையை ஆளும் உறுப்பினுடையதே எனக் கொள்ளுதல் இயல்பு. ஆயின் அது எப்போதும் உண்மையன்று. அண்மைக்கால நிகழ்வொன்று இதனைத் தெளிவுறுத்துகின்றது.

2022 இலும் 2023 இலும் முறையே சந்தைக்கு வந்த இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணனி முறைவழி அலகுகள் சிலவற்றைப் பொருத்தியிருந்தோர், வரைவியல் நினைவகம் போதாது என்ற பொருளுடைய செய்தியைத் திரும்பத் திரும்பக் கண்டனர். நினைவகமோ தாராளமாக இருந்தது. நடந்தது யாதெனில், வரைவியல் மென்பொருள் தனக்கு வேண்டிய தரவுகளை வரைவியல் அட்டைக்கு அனுப்புமுன் அவற்றின் சுருக்கத்தை விரிப்பதும், நிழற்றுநிரல்களைத் தொகுப்பதும் மத்திய முறைவழி அலகின் பணிகளாம். அவ்வலகு கணிப்பில் ஒரு துண்டமேனும் தவறினால் விரிந்த தரவு சிதைந்துவிடும். சிதைவின் மூலத்தை அறியாத மென்பொருள், தான் அறிந்த ஒரே காரணத்தைத் திரையில் எழுதிற்று. குற்றமற்ற அட்டையின்மீது பழி விழுந்தது.

2024 யூலையில், நுண்நிரலிலுள்ள வழு அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கோரச் செய்தமையை இன்ரெல் ஒப்புக்கொண்டது. ஓகஸ்டில் வெளியான திருத்தம் 1.55 வோற்றுக்கு மேற்பட்ட கோரிக்கையைத் தடுத்தது. உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து அலகினுள் உள்ள கடிகாரச் சுற்றை முதுமையடையச் செய்தன என்பது செப்ரெம்பரில் விளக்கப்பட்டது. முன்னரே பழுதுற்ற அலகினை எந்த நுண்நிரலாலும் குணப்படுத்தவியலாது, மாற்றுவதொன்றே வழி. உத்தரவாதக் காலம் ஈராண்டு நீட்டப்பட்டது. எனினும் அதற்கிடையிற் பிழையைத் தேடிய காலமும் உழைப்பும் பெரிதும் பாவனையாளரின் தலையிலேயே விழுந்தன என்பதை இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது.

இனி, உறைந்த பணிநிலையத்தை எவ்வாறு விசாரிப்பது? படம் நின்றபின்னும் ஒலி தொடர்கின்றதா, வலையமைப்பிலுள்ள வேறொரு கணனிக்கு அது மறுமொழி தருகின்றதா என்பனவே முதலிற் பார்க்கவேண்டியவை. ஆம் எனில் ஐயம் வரைவியற் பகுதியை நோக்கும். விண்டோசில், அப்பகுதி இயல்பாக இரண்டு விநாடிகளுள் மறுமொழி தராவிடில் இயக்க முறைமை அதனை மீளத் தொடக்க முயலும். அம்முயற்சி நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்னும் எண்ணுடன் காணப்படும். முழுப் பொறியுமே ஊமையாகிவிட்டால் மின்வழங்கி, நினைவகம், முறைவழி அலகு, வெப்பம் ஆகியவற்றை நோக்கவேண்டும். பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளும் 41 என்னும் பதிவோ, கணனி ஒழுங்காக மூடப்படாது மீளத் தொடங்கியது என்பதற்கு மேல் எதுவும் கூறுவதில்லை.

வரைவியல் அட்டையைத் தொடாத சோதனையொன்று உண்டு. பெரிய கோப்பொன்றைச் சுருக்கிப் பின் விரித்து, மூலத்துடன் ஒப்பிடுக. இதனைப் பல தடவை செய்க. ஒரு தடவையேனும் வேறுபாடு தோன்றின் வரைவியல் அட்டை விடுவிக்கப்பட்டதாகக் கொள்ளலாம். அடுத்து நினைவகத்தை இரவு முழுவதும் சோதிக்கவேண்டும். அதில் வழு இல்லையெனில் முறைவழி அலகின் உச்ச அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்து மீண்டும் கோப்பினை விரித்துப் பார்க்க. வழு மறைந்தால் ஐயம் வலுப்பெறும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். செலுத்தி, அட்டை, மின்வழங்கி அனைத்தையும் ஒருங்கே மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்பது புலப்படாது.

உறைந்துபோகும் கணனி தன் நோயை வெளிக்காட்டுகின்றது. உறையாமலே தவறான எண்ணைத் தரும் கணனிதான் ஆய்வாளருக்குப் பேராபத்து. ஆதலின் இத்தகைய அலகு பொருத்திய பணிநிலையத்திற் பெற்ற நீண்ட கணிப்புக்களை வேறொரு பொறியில் மறுமுறை ஓட்டிப் பார்த்தபின்னரே வெளியிடுதல் தகும்.