எழுதியதைத் திருத்தக் கற்றுத்தந்த கணினிகள்

பதினோராம் வகுப்பில் சொற்செயலிப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. நாம் மாணவர்களுக்குக் கற்றுத்தருவது மென்பொருளையா, எழுதுவதையா? எந்த மெனுவில் எந்தக் கட்டளை இருக்கிறது என்று கேட்டால் மாணவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பக்கக் கட்டுரையைக் கணினியில் எழுதச் சொன்னால், முதலில் நோட்டில் எழுதி முடித்து, அதைப் பார்த்து ஓர் எழுத்தும் மாறாமல் தட்டச்சு செய்கிறார்கள். அவர்களுக்குச் சொற்செயலி என்பது அழகான கையெழுத்துக்கு மாற்று. அவ்வளவுதான்.

சொற்செயலி அதற்காகப் பிறந்ததல்ல. எழுதியதை மாற்றுவதற்காகப் பிறந்தது. 1976 முதல் 1985 வரை வீட்டுக் கணினிகளில் அது வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். இன்று நாம் யோசிக்காமல் அழுத்தும் ஒவ்வொரு விசைக்குப் பின்னாலும் அன்று ஒரு சிக்கலும் அதற்கொரு தீர்வும் இருந்தன. மொழி ஆசிரியர், கணினி ஆசிரியர் இருவருக்கும் அந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

தட்டச்சுப் பொறியின் சிக்கல்

தட்டச்சுப் பொறியில் பக்கத்தின் நடுவே ஒரு வரி விடுபட்டால் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அதனால் எழுதுபவர் திருத்த அஞ்சினார். ‘இருக்கட்டும், போதும்’ என்று விட்டுவிடுவது எளிதாக இருந்தது. பத்தியின் இடத்தை மாற்ற வேண்டுமானால் கத்தரிக்கோலும் பசையும் தேவைப்பட்டன. இன்று நாம் ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்று சொல்லும் கட்டளைகளின் பெயர்கள் அந்த வேலையிலிருந்து வந்தவையே.

அலுவலகங்களுக்கென்று தனிச் சொற்செயலி எந்திரங்கள் அப்போதே இருந்தன. ஆனால் அவற்றின் விலை தனிமனிதருக்கு எட்டாதது. வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறு கணினிகளுக்கான முதல் சொற்செயலியாகக் கருதப்படுவது, அமெரிக்காவில் மைக்கேல் ஷ்ரேயர் எழுதி 1976 டிசம்பரில் வெளியிட்ட ‘எலக்ட்ரிக் பென்சில்’. அவர் ஆல்டேர் 8800 கணினிக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். அதற்கான விளக்கக் கையேட்டைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அதையும் அந்தக் கணினியிலேயே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதன் விளைவே எலக்ட்ரிக் பென்சில்.

வரியின் இறுதியில் ஒரு சொல் இடம்கொள்ளாவிட்டால் அது தானாகவே அடுத்த வரிக்கு இறங்கிவிடும். இந்த வசதியும் அதில் இருந்தது. தட்டச்சுப் பொறியில் மணி அடித்ததும் கையால் தள்ளி வரி மாற்றிப் பழகியவர்களுக்கு இது பெரிய வியப்பு. இன்றும் நம் மாணவர்கள் சிலர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் விசையை அழுத்துகிறார்கள். அது தட்டச்சுப் பொறியின் பழக்கம். நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தவுடன் வரிகள் உடைந்து சிதறுவதைக் காட்டினால், பத்தி முடிவில் மட்டுமே என்டர் என்பது அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

சிறிய எழுத்து இல்லாத கணினி

அந்தக் காலக் கணினிகள் எழுதுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. 1977இல் வந்த ஆப்பிள் II கணினியின் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகள்தான் தெரியும். அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே. சொற்செயலி எழுதியவர்கள் ஒரு வழி கண்டார்கள். பெரிய எழுத்தாக அச்சாக வேண்டியதைத் திரையில் வண்ணம் மாற்றி, வெண்மைப் பின்னணியில் கறுப்பாகக் காட்டினார்கள். ஷிப்ட் விசைக்கும் எழுத்துகளுக்கும் தொடர்பே இல்லாததால், அந்த விசையிலிருந்து விளையாட்டுக் கருவி செருகும் இடத்துக்கு ஒரு கம்பியை இணைத்து, ஷிப்ட் அழுத்தப்பட்டதை மென்பொருள் அறியும்படி செய்தவர்களும் உண்டு.

1979இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் வேறொரு சிக்கலைத் தீர்த்தது. பல கணினிகளின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. கர்சரை எப்படி நகர்த்துவது? அதை எழுதிய ராப் பார்னபி, கன்ட்ரோல் விசையுடன் ஈ, எஸ், டி, எக்ஸ் ஆகிய நான்கு விசைகளைப் பயன்படுத்தினார். விசைப்பலகையைப் பார்த்தால் இவை சாய்சதுர வடிவில் இருப்பது தெரியும். மேலே உள்ளது மேலே நகர்த்தும், இடப்பக்கம் உள்ளது இடப்பக்கம் நகர்த்தும். விரல்கள் இருந்த இடத்தைவிட்டு விலகவே வேண்டாம்.

வேர்ட்ஸ்டாரில் ஒரு பத்தியை நகர்த்த அதன் தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி வைக்க வேண்டும். பிறகு போக வேண்டிய இடத்துக்குச் சென்று, நகர்த்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், வேறு இடங்களைப் படித்துப் பார்க்கலாம். குறிகள் அப்படியே இருக்கும்.

கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியான ‘2010: ஒடிசி டூ’ நாவலை வேர்ட்ஸ்டாரில்தான் எழுதினார். நாவல் முழுவதும் ஒரே ஓர் 5 அங்குல வட்டில் கொழும்பிலிருந்து நியூயார்க் சென்றது. கடைசி நேரத் திருத்தங்கள் இலங்கையின் பாதுக்கை நிலையத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் போயின. நாவல் போன பிறகும் திருத்தம் நிற்கவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

நினைவகத்துக்குள் நடப்பது என்ன?

கணினி நினைவகத்தில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. 20,000 எழுத்துகள் கொண்ட ஆவணத்தின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் செருகினால், மற்ற 20,000 எழுத்துகளும் ஒவ்வோர் இடம் நகர வேண்டும். அன்றைய டிஆர்எஸ்-80 கணினியின் வேகத்தில் இதற்குச் சுமார் கால் நொடி ஆகும். கால் நொடி சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு விசைக்கும் கால் நொடி என்றால், வேகமாகத் தட்டச்சு செய்பவருக்குக் கணினி ஈடுகொடுக்க முடியாது.

இதற்கு நிரலாளர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. அதை விளையாட்டு மைதானத்தில் செய்துகாட்டலாம். 30 மாணவர்களை ஒரு வரிசையில் நிறுத்துங்கள். மூன்றாமவருக்கு அடுத்து ஒரு புதிய மாணவரைச் சேர்க்க வேண்டுமானால் 27 பேர் ஓர் அடி நகர வேண்டும். இன்னொருவர் வந்தால் மறுபடி 27 பேர். இப்போது முறையை மாற்றுங்கள். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவே பத்துப் பேர் நிற்கும் அளவு இடைவெளி விடுங்கள். புதிதாக வருபவர்கள் அந்த இடைவெளியில் நின்றுகொள்ளலாம். யாரும் நகர வேண்டியதில்லை. ஒருவர் விலகினால் இடைவெளி சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான்.

இடைவெளி இருக்கும் இடமே கர்சர். கர்சர் ஐந்து இடம் முன்னே சென்றால், ஐந்து மாணவர்கள் மட்டும் இடைவெளியைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்பார்கள். மனிதர் ஓர் இடத்தில் எழுதும்போது பெரும்பாலும் அதே இடத்தில்தான் தொடர்ந்து எழுதுவார் என்ற இயல்பை இந்த முறை பயன்படுத்திக்கொள்கிறது. நிரலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் ஈமாக்ஸ் என்ற எடிட்டர் இதே முறையில்தான் இயங்குகிறது. ஆறாம் வகுப்பு மாணவருக்கும் இது புரியும்.

1 கிலோபைட்டா, 20 கிலோபைட்டா?

இங்கிலாந்தில் 1981 இறுதியில் வெளிவந்த பிபிசி மைக்ரோ, பள்ளிகளை நோக்கமாகக் கொண்ட கணினி. நம் நாட்டில் மத்திய அரசு 1984இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் வந்து இறங்கியதும் இந்தக் கணினிதான். அதன் ‘பி’ மாதிரியில் மொத்த நினைவகம் 32 கிலோபைட். அதிலிருந்துதான் திரைக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

வரிக்கு 80 எழுத்து காட்டும் திரைக்கு 20 கிலோபைட் வரை வேண்டும். மீதி 12 கிலோபைட். அதிலும் கணினி தன் சொந்த வேலைக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். சில பக்கங்களுக்குமேல் எழுத இடமிருக்காது. வரிக்கு 40 எழுத்து காட்டும் எளிய திரைக்கோ 1 கிலோபைட் போதும். ‘வேர்ட்வைஸ்’ என்ற சொற்செயலி இதைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தியது. எழுதும்போது 40 எழுத்துத் திரை. எழுதி முடித்துப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் 80 எழுத்துத் திரை. ஓரம் எவ்வளவு, எது நடுவில் வர வேண்டும் என்பதையெல்லாம் பச்சை நிறக் குறிப்புகளாக உரைக்கு நடுவிலேயே எழுதிவிடலாம். அந்த மென்பொருளே ஒரு சில்லில் பதிந்து வந்ததால், எழுதுவதற்கான நினைவகத்தை அது தின்னவில்லை.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. எழுதும்போது எழுத்துரு, வண்ணம், அலங்காரம் எதுவும் கண்ணில் படாது. வாக்கியம் மட்டுமே எதிரில் இருக்கும். நம் ஆய்வகத்தில் ஒரு மாணவர் தலைப்புக்கு எழுத்துருவும் வண்ணமும் தேடுவதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுவதைப் பார்க்கும்போது, அந்த 40 எழுத்துத் திரை எனக்கு நினைவுக்கு வரும்.

குழந்தைகளுக்காக ஒரு சொற்செயலி

1982இல் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியின் பங்களிப்போடு ‘பேங்க் ஸ்ட்ரீட் ரைட்டர்’ வெளிவந்தது. கட்டளைகள் திரையின் மேற்பகுதியில் சாதாரணச் சொற்களில் தெரியும். மனப்பாடம் தேவையில்லை. அழித்ததை மீட்கவும், நகர்த்திய பத்தியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகவும் கட்டளைகள் இருந்தன. பயப்படாமல் மாற்றிப் பார்க்கலாம் என்று குழந்தைக்குச் சொல்லும் ஏற்பாடு அது.

அதில் ‘எழுது’, ‘திருத்து’ என இரண்டு நிலைகள் தனித்தனியே இருந்தன. எழுதும் நிலையில் எழுதிக்கொண்டே போகலாம், கடைசியாக அடித்ததை அழிக்கலாம். மேலே சென்று மாற்ற வேண்டுமானால் ஒரு விசையை அழுத்தித் திருத்தும் நிலைக்குப் போக வேண்டும். பழகியவர்களுக்கு இது தொல்லைதான். ஆனால் எழுதத் தொடங்கும் குழந்தைக்கு, எழுதுவது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை என்பதை அது உணர்த்தியது.

தமிழ் எங்கே நின்றது?

அன்றைய கணினிகள் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. ஆஸ்கி குறிமுறையில் மொத்தம் 128 இடங்கள். நம் எழுத்துகள் 247. பல கணினிகளில் ஓர் எழுத்துக்குத் திரையில் கிடைத்தது எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். அதில் ‘ண’கரத்தின் சுழிகளை அடக்குவதே கடினம். ‘ணை’ எங்கே அடங்கும்? இருந்தும் 1980களின் நடுவிலேயே தமிழுக்கான முயற்சிகள் தொடங்கிவிட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய ‘முரசு’ அவற்றுள் ஒன்று. பின்னர் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறிமுறையில் வந்ததால், ஒரு கணினியில் எழுதியது இன்னொன்றில் வெறும் குறியீடுகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று மாணவர் தமிழில் எழுதித் தமிழிலேயே திருத்த முடிகிறது என்றால், இத்தனை ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது.

வகுப்பறைக்கு வருவோம்

சொற்செயலி கிடைத்தால் மாணவர் எழுத்து தானாக மேம்படுமா? 1993இல் ராபர்ட் பாங்கர்ட்-டிரவுன்ஸ் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். எழுத்தின் தரத்தில் முன்னேற்றம் இருந்தது, ஆனால் அது பெரியதல்ல. எழுத்தில் பின்தங்கிய மாணவர்களுக்குப் பயன் கூடுதலாக இருந்தது. ஆக, கருவி மட்டும் போதாது. திருத்தம் என்றால் எழுத்துப் பிழை நீக்குவது மட்டுமல்ல என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். நான் வகுப்பில் பயன்படுத்தும் சில வழிகளைப் பகிர்கிறேன்.

எழுது, திருத்து என்று நேரத்தைப் பிரியுங்கள். முதல் 15 நிமிடம் எழுதுவது மட்டும். பிழை தெரிந்தாலும் திரும்பிப் போகக்கூடாது. அடுத்த 15 நிமிடம் புதிதாக எதுவும் எழுதாமல், இருப்பதைப் படித்து மாற்றுவது. அலங்காரத்துக்குக் கடைசி ஐந்து நிமிடம் போதும்.

ஒரு கணினிக்கு மூவர் இருந்தாலும் குறையில்லை. ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் உரக்கப் படிக்க, மூன்றாமவர் ‘இது புரியவில்லை’ என்று சொல்லும் வாசகராக இருக்கட்டும். படிக்கும்போது நாக்கு இடறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

ஒவ்வொரு வடிவத்தையும் 1, 2, 3 என்று தனித்தனிப் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு மட்டும் மதிப்பெண் தராமல், முதலாவதிலிருந்து மூன்றாவது வரை என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்கும் தாருங்கள்.

தொடக்கப் பள்ளியில் கணினியே தேவையில்லை. ஒரு கதையை வாக்கியம் வாக்கியமாகத் தாள் பட்டைகளில் எழுதச் செய்து, வரிசையை மாற்றி வைத்துப் படிக்கச் சொல்லலாம். எந்த வரிசையில் கதை நன்றாக இருக்கிறது என்று குழந்தைகளே விவாதிப்பார்கள்.

கட்டுரை நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அந்தப் பயம் கணினி முன்னாலும் மாணவரை விடுவதில்லை. அதனால்தான் அவர் நோட்டைப் பார்த்து அடிக்கிறார். அடுத்த முறை ஆய்வக வகுப்புக்கு வரும்போது, முடிந்த கட்டுரையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தலைப்பும், சொல்ல விரும்பும் நான்கு செய்திகளும் போதும். மற்றதைத் திரையில் எழுதட்டும், அழிக்கட்டும், மாற்றட்டும்.