எப்.எம்.இல் எங்கள் பாட்டுக்கு எத்தனை நிமிடம்?

1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, வீடே காதைக் கொடுத்தது.

அதற்கு முந்திய காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை பாடல்களை வகை பிரித்து ஒலிபரப்பியது. சினிமாப் பாட்டோடு கர்நாடக இசைக்கும் ஈழத்து மெல்லிசைக்கும் பொப்பிசைக்கும் தனித்தனி நேரம் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் வீடுவீடாகப் போனதில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு.

1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் எப்.எம்.கள் தொடங்கின. ஒலி துல்லியமானது, அறிவிப்பாளரின் பேச்சு நண்பரின் பேச்சானது, நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் நிகழ்ச்சியாகின. ஆனால் தனியார் வானொலி வாழ்வது விளம்பரத்தில். நேயர் அலைவரிசை மாற்றினால் வருமானமும் மாறும். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த புதிய சினிமாப் பாட்டே பாதுகாப்பான தெரிவு. அது சென்னையிலிருந்து தயாராக வந்துவிடும். உள்ளூர்ப் பாட்டுக்கு ஒலிப்பதிவும் செலவும் வேண்டும். அதைப் பழக்கப்படுத்தத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பவும் வேண்டும்.

இடப்பெயர்வுகளில் ஒலிநாடாக்களையும் இழந்தவர்கள் நாங்கள். ஒலிபரப்பாத பாட்டு அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடும். அடுத்தமுறை நேயர் விருப்பத்துக்கு அழைக்கும்போது, ஓர் ஈழத்துப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வானொலிகள் அந்தக் கணக்கையும் பார்க்கின்றன.