வந்தியின் பங்கு

புட்டுக்கு மண் சுமந்த கதை தெரியாதவர் மதுரையில் இல்லை. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் வைகைக் கரையோரப் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவார்கள். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். பாண்டியன் சாமியை அடித்த பிரம்படியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கோ, அந்தக் கதைக்குள் இருக்கிற கணக்கின் மேல்தான் கண் போகும்.

கணக்கு மாணிக்கவாசக அடிகளிடம் தொடங்குகிறது. குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை அவர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். குதிரை வரும், ஆண்டவன் அனுப்புவான் என்றிருந்தார். வந்தது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக அவை நரிகளாகிக் கொட்டடியில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப் போட்டன. ராஜா அடிகளை வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்த, ஆறு பெருக்கெடுத்து ஊரே கலங்கியது. அடிகளின் பக்தியை எடை போட நான் யார்? ஆனாலும் அரசாங்கப் பொன்னை அப்படிச் செலவழித்த சீட்டு என் மேசைக்கு வந்திருந்தால் விளக்கம் கேட்டுத்தான் எழுதியிருப்பேன்.

இப்போது வந்தி. கரையை அளந்து வீட்டுக்கு ஒரு பங்கு என்று அடைக்கச் சொல்லி உத்தரவு. புட்டு விற்றுப் பிழைக்கிற கிழவி, பிள்ளை குட்டி கிடையாது, மண் சுமக்கத் தெம்பும் இல்லை. “எனக்குச் சொக்கன் இருக்கான், பங்கெல்லாம் வேண்டாம்” என்று அவள் சொல்லவில்லை. தன் பங்குக்குக் கூலியாள் தேடினாள். கூடையும் மண்வெட்டியுமாக ஆள் வேடத்தில் வந்த சொக்கனிடம் கூலி பேசினாள். உதிர்ந்த புட்டெல்லாம் அவனுக்கு என்பது எங்கள் பக்கத்தில் சொல்கிற ஒப்பந்தம். அன்றைக்குப் பார்த்து அவித்த புட்டெல்லாம் உதிர்ந்தது. அத்தனையையும் கொடுத்தாள்.

சாப்பிட்டவன் என்ன செய்தான்? ஆடினான், பாடினான், மரத்தடியில் தூங்கினான். மற்றவர் பங்கெல்லாம் அடைபட, வந்தி பங்கு மட்டும் திறந்து கிடந்தது. அடி விழுந்தது அதற்குத்தான். பேசியபடி நடந்தது கிழவி. வேலையில் ஏய்த்தது கடவுள். கூலி வாங்கினால் சாமிக்கும் அடி உண்டு என்று கதை கட்டிய ஊர் எங்கள் ஊர். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

புராணத்தை விட்டு 1976-க்கு வருவோம். அதே மதுரையில் கண் மருத்துவர் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபோது வயது 58. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கைக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு, தான் வழிபட்ட அரவிந்தரின் பெயரையே வைத்தார். தன்னை இறைவனின் கருவி என்றே நம்பினார். நம்பினாரே தவிர, எதையும் அவன் தலையில் கட்டவில்லை. ஒரு நோயாளிக்கு அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும் என்று நிமிஷக் கணக்கில் வேலையைப் பிரித்தார். கட்டணம் கட்ட முடிந்தவர் கட்டும் பணத்தில், முடியாதவருக்கும் பார்வை கிடைக்க வழி செய்தார். தியானத்துக்கு ஒரு நேரம், பேரேட்டுக்கு ஒரு நேரம். 2006-இல் காலமானார்.

இனி எங்கள் கண்மாய்ப் பக்கம். வீட்டுக்கு ஒரு பங்கு என்ற பாண்டியன் உத்தரவுதான் குடிமராமத்து. தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்காலைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மடையைச் சரி பார்ப்பார்கள். ஆள் வரத்து குறைந்ததால் 1858-இல் வெள்ளைக்காரன் இதற்குச் சட்டமே போட்டான். 2017-இல் தமிழக அரசு திட்டமாக மீண்டும் கொண்டுவந்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டும் என்றது.

எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பாக்கியே விழாது. ஊர் விலக்கி வைக்குமோ என்ற பயம். கண்மாய் வேலை என்றால் ஆளுக்கொரு சாக்கு. மழை வேண்டிப் பொங்கல் வைத்தோம், மழையும் பெய்தது. சீமைக்கருவேல் அடைத்த வரத்துக்காலில் தண்ணீர் ஏறவில்லை. ரோட்டில் ஓடிய தண்ணீரைப் பார்த்து, “சாமி கண்ணைத் திறக்கலையேப்பா” என்றார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. “சாமி திறந்துட்டார் சித்தப்பா, நாமதான் வரத்துக்காலைத் திறக்கலை” என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆவணி மூலம் முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடிக்க ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறது. புட்டுத்தோப்பில் பிரசாதம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஊர் திரும்பியதும் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். உடம்புக்கு முடியாதவர்கள் வந்தி மாதிரி ஒரு ஆளை அனுப்புங்கள், கூலியைப் பேசி.