பொது இல்லும் தனித் திரையும்

கோயில் என்ற சொல்லைக் கோ, இல் எனப் பிரித்து இறைவன் இல்லம் எனப் பொருள் கூறுவர். சங்க நூல்கள் வழங்கும் மற்றொரு சொல் பொதியில். பொது இல் என்பதே அதன் பொருள். பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் தெய்வம் உறையும் தூண் உண்டு, அந்தி விளக்கு உண்டு, பலரும் தொழுவர், ஊருக்குப் புதியோர் அங்கேயே தங்குவர். தொழும் இடமே வந்தவருக்கு நிழலாகவும் இருந்தமை கருதத்தக்கது.

கடல் கடந்து மலாயா வந்த தமிழர்க்கு அப் பொது இல்லின் தேவை மிகுதி. இன்று மாடி வீடுகள் மலிந்த பங்சார் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டம் நடத்திய பங்கே, கிரிசார் என்போரின் பெயர்கள் இணைந்தே பங்சார் ஆயிற்று என்பர். தோட்டங்களில் லயத்தை அடுத்து ஒரு மாரியம்மனோ முனியாண்டியோ இருப்பது வழக்கம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வாராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. திருவிழாவுக்கு வாராதவன் வீட்டுக்கோ, என்ன ஆயிற்றென்று கேட்க ஆள் சென்றது. அந்தப் பொதுமைக்குள்ளும் சாதி வேலி இருந்ததை மறைப்பதற்கில்லை. பிறர் வாழ்வில் தலையிடும் தொல்லையும் இருந்தது. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களானபின் அக் கூட்டம் சிதறியது.

2020 மார்ச்சு 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, கோயில்கள் அடைபட்டன. 2021 சனவரி 28 தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடியும் இல்லை, மக்கள் வெள்ளமும் இல்லை. வீட்டிலிருந்தே நேரலையில் வழிபட்டனர். நோய் நீங்கிக் கோயில்கள் திறந்தபின்னும் அப் பழக்கம் அற்றுப்போகவில்லை.

நேரலையை இகழ்தல் முறையன்று. படுக்கையிலுள்ள முதியவர்க்கும் அயல்நாட்டிலுள்ள மகனுக்கும் அது பெரும்பேறே. ஆனால் திரை இறைவனைக் காட்டுகிறதேயன்றிப் பார்ப்பவனைப் பிறர்க்குக் காட்டுவதில்லை. இத்தனை பேர் பார்க்கின்றனர் என்னும் எண் தெரியும். நேற்று வந்து இன்று வாராதவர் யார் என்பது தெரியாது. பதினைந்தாம் மாடியில் தனித்து வாழும் மூதாட்டியொருத்தி மூன்று நாள் கைப்பேசியைத் திறவாவிடினும் பூசை தடையின்றி நடக்கும். கதவைத் தட்ட எவரும் வாரார்.

காவடியை எண்ணிப் பார்க்கலாம். நோன்பு ஒருவனுடையதே. ஆயினும் அலகு குத்த ஒருவர், பாற்குடம் ஏந்த ஒருவர், உடன் பாடிவரச் சிலர், பத்துமலையின் 272 படிகளை ஏறுமுன் கால் தளர்ந்தால் அமர்வதற்கு முக்காலி சுமந்துவர ஒருவர் என அவனைச் சூழ ஒரு சிறு கூட்டம் நடக்கிறது. அம் முக்காலிக்காரர் பெரும்பாலும் மாமனாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார்.