சக்கரக் காலணியில் முதல் நாள்

சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட்ஸை 1980 வாக்கில் பிரபலமாக்கியவர்கள், அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஓல்சன் சகோதரர்கள். ஐஸ் ஹாக்கி ஆடிவந்த அவர்களுக்குப் பனியில்லாத கோடையிலும் பயிற்சி வேண்டியிருந்தது!

தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை தரும் விளையாட்டு இது. ஓடும்போது மூட்டில் விழும் அதிர்ச்சி இதில் குறைவு. ஆனால் விழாமல் பழகியவர் யாருமில்லை. விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும். அதனால் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுதான். ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் கவசங்களோடு மணிக்கட்டுக் கவசமும் கட்டாயம்.

முதலில் புல்தரையில் நின்று பழகுங்கள். முழங்காலை மடக்கி, பார்வையை முன்னால் வையுங்கள். காலைப் பின்னுக்கு உதைக்காமல் பக்கவாட்டில் தள்ளுங்கள். தடுமாறினால் முன்பக்கமாக, முழங்கால் கவசத்தின் மேல் விழுங்கள்.

பிரேக் பெரும்பாலும் வலது குதிகாலில் இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, நுனியைத் தூக்கிக் குதிகாலை அழுத்தினால் வேகம் குறையும். இது கைவரும்வரை சரிவான பாதைப் பக்கமே போகாதீர்கள்.